ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

நண்டு எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்காதீர்கள். ஒரு முக்காலி போட்டுக்கொண்டால் வாடிக்கையாளர் ஓடிவிட மாட்டார்கள்.

என்னிடமிருந்து கடிதமா என்று யோசிப்பீர்கள். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய அன்றே அம்மா என் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கல்லூரியில் இடம் கிடைத்த பிறகுதான் சாவி. வீட்டு போன் கூடத்தில் இருக்கிறது. அங்கே இருமினால்கூட எல்லாருக்கும் கேட்கும். என் அறையில் விளக்கு எரிந்தால் எந்தப் பாடம் படிக்கிறேன் என்று பார்க்க வருவாள். குளியலறை விளக்கை யாரும் கேட்பதில்லை. அதனால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வாளியைத் திட்டுங்கள்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். உறையின் பின்னால் இருப்பது பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் அக்கா கடை முகவரி. பழைய வினாத்தாள்களை நகல் எடுக்க தினமும் அங்கே போகிறேன். எனக்குக் கடிதம் வரும் என்று சொன்னதும், “லவ் லெட்டரா?” என்று கேட்டார். அத்தை என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க” என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூட்டம் நடக்கும். டிப்போவில் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிற அதே நீளமான கட்டத்தாளை அப்பா கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரிப்பார். கணக்குக்குப் பச்சைக் கோடு, வேதியியலுக்குச் சிவப்பு. என் இரண்டு வருடமும் அதில் பஸ் போல ஓடுகிறது. வலது மூலையில் சின்னதாக ஒரு கல்லூரிக் கட்டடம் வரைந்திருக்கிறார். அத்தோடு தாள் முடிந்துவிடுகிறது. அம்மா தன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சோதனைக் குழாய்களுக்கு ஒட்டுகிற லேபிள்களை எடுத்துவந்து என் கோப்புகளில் ஒட்டுவாள். வாரம் முழுக்க “பால் வாங்கணும்”, “கேஸ் தீரப்போகுது” என்பதற்கு மேல் பேசாதவர்கள், அந்த மேஜையில் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

போன ஞாயிறு கூட்டம் முடிந்து எழுந்து போனவள், மறந்துவிட்ட பென்சிலை எடுக்கத் திரும்பி வந்தேன். அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவ காலேஜுக்குப் போற வரைக்கும். அப்படித்தானே பேசினோம்?”

“பேசினதை நான் மாத்தல” என்றார் அப்பா.

“அப்போ அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. அப்புறம் உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்கு.”

பென்சிலை எடுக்காமல் திரும்பிவிட்டேன். அத்தை, உங்கள் தம்பி உங்களிடம் எதையும் மறைக்க மாட்டார். இது உண்மையா? எனக்கு அந்த ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்.

உங்கள்
நண்டு


ஜூலை 27

என் நண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. முக்காலி வாங்கிவிட்டேன். இப்போது வருகிறவர்கள் எல்லாம் அதில் உட்கார்ந்துகொள்கிறார்கள், நான் நிற்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? குளியலறை ஈரத்தில் உட்கார்ந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

புருஷன் பெண்டாட்டி பேச்சில் பாதி அடுக்களைச் சத்தம். பாத்திரம் விழுந்தால் நீ திரும்பிப் பார்ப்பாயா? வயசுப் பெண்ணுக்குப் படிப்பு இருக்கிறது, அதைப் பார். உனக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று உன் அப்பன் போனில் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. பாலம் கட்டப் போகிறாயாமே. கட்டினால் முதல் ஆளாக நான்தான் நடப்பேன், முழங்கால் இருந்தால்.

இங்கே மாடி அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். இத்தனை நாள் பழைய கண்ணாடிச் சட்டங்களைப் போட்டு அடைத்து வைத்திருந்தேன். யாராவது வந்தால் தங்க ஓர் இடம் வேண்டாமா?

காலாண்டுத் தேர்வை நன்றாக எழுது. அம்மாவை எதிர்த்துப் பேசாதே.

அன்புடன்
அத்தை


ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சளி இல்லை. தூக்கம்தான் இல்லை.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். உண்மையா என்று கேட்டிருந்தேன். நீங்கள் பாத்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அப்படி எழுதாததால் எனக்குப் புரிந்துவிட்டது.

மாடி அறை எனக்கா? உங்கள் ஊர்க் கல்லூரியும் அம்மாவின் பட்டியலில் இருக்கிறது. அதனால் கேட்டேன்.

இப்போதெல்லாம் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா ஒரு கோட்டைத் தள்ளிப் போடுவார். அம்மா குனிந்து பார்ப்பாள். இருவர் தலையும் கிட்டத்தட்ட இடித்துக்கொள்ளும். “வேதியியல் இன்னும் டிப்போவை விட்டே கிளம்பல” என்பார் அப்பா. “உங்க பஸ் எது டயத்துக்கு வந்திருக்கு?” என்பாள் அம்மா. என் பாடங்களைத் தவிர இவர்களுக்குப் பேச வேறொன்றும் மிச்சமில்லை. நான் ஒழுங்காகப் படித்தால் அந்தத் தாள் தீர்ந்துவிடும். தாள் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்துவிடும்.

எனக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். பயமாக இருக்கிறது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

உங்கள்
நண்டு


அக்டோபர் 15

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. ஜெராக்ஸ் அக்கா என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். உங்கள் கடையில் கூட்டமாக இருந்திருக்கும்.

காலாண்டுத் தேர்வில் வேதியியலில் தோற்றுவிட்டேன். தோற்றேன் என்பதைவிட, தோற்கும்படி எழுதினேன் என்பதுதான் சரி. தெரிந்த விடையைத் தெரியாதது போல எழுதுவது அத்தனை சுலபமில்லை, அத்தை. கை தானாகச் சரியாக எழுதப் போகிறது. அதைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

அம்மா அழவில்லை, அடிக்கவுமில்லை. மதிப்பெண் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சோதனைக் குழாயைப் பார்ப்பது போல. அப்பா டிப்போவில் இருந்து சீக்கிரம் வந்தார். அன்றிலிருந்து ஞாயிறு மட்டுமல்ல, தினமும் கூட்டம். அம்மா மாலை வேலையை விட்டுக் காலை வேலைக்கு மாற்றிக்கொண்டாள். இருவரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேதியியல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு வேதியியல் தெரியாது. அவர் அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு எனக்குச் சொல்கிறார். அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பார்க்க வேண்டுமே. “அதில்ல, இங்க பாருங்க” என்று பேனாவை அவர் கையிலிருந்து வாங்குகிறாள். எவ்வளவு நாளாயிற்று அப்படி எதையாவது அவர் கையிலிருந்து வாங்கி!

அத்தை, இது வேலை செய்கிறது. இதை நான் நிறுத்தப் போவதில்லை. அப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாலும் இதுதான் என் கடைசிக் கடிதம். சத்தியம் செய்யுங்கள்.

உங்கள்
நண்டு


நவம்பர் 2

என் கண்ணு நண்டுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு இல்லை. அன்று ஒருவருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து என்னைத் திட்டியபோது சந்தோஷமாக இருந்தது. யாராவது என்னைத் திட்ட வேண்டும் போல இருந்தது.

சத்தியம். சொல்ல மாட்டேன். ஆனால் நீயும் எனக்கு ஒரு சத்தியம் செய். ஆண்டுத் தேர்வில் இந்த விளையாட்டு வேண்டாம். ஆண்டுத் தேர்வுக் கணக்கில் நல்ல மதிப்பெண் இல்லை என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் உயர்கணிதம் தர மாட்டார்கள், அது இல்லாமல் நீ கேட்கிற கல்லூரி எதுவும் உன்னைத் திரும்பிப் பார்க்காது. இதெல்லாம் உன் அப்பன் எனக்கு மனப்பாடம் ஆகும்வரை சொன்னது. உன் காலை நீயே வெட்டிக்கொண்டு யாரை நிறுத்தி வைக்கப் போகிறாய்?

வேறு என்ன எழுதுவது? மாடி அறை தயாராகிவிட்டது. கட்டில்தான் நீளம் போதவில்லை, காலை நீட்டினால் சுவரில் இடிக்கும் என்று ஆசாரி சொன்னான். முகம் பார்க்கும் கண்ணாடியை உயரத்தில் மாட்டியிருக்கிறேன். ஜன்னலுக்கு இன்னும் திரை வாங்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தால் எனக்கு எழுது.

அத்தை


நவம்பர் 23

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

இந்த வாரம் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லூரி விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை வைக்க வேண்டும். உன் வாழ்க்கையை மாற்றிய ஒரு நிகழ்ச்சியை எழுது என்று கேட்கிறார்கள். அடுத்த வருடம்தான் அனுப்ப வேண்டும், ஆனால் அம்மா இப்போதே தொடங்கிவிட்டாள். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இவளுக்கு என்ன நடந்திருக்கு எழுதறதுக்கு? நம்ம வீட்ல ஒண்ணும் நடக்கலையே.”

“அதான் கஷ்டம்” என்றார் அப்பா. “கஷ்டப்பட்ட பிள்ளைங்களுக்கு எழுத வசதியா இருக்கும்.”

நான் வேதியியல் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

பிறகு அப்பாவுக்கு என் கை ஒடிந்தது நினைவு வந்தது. எனக்கு நான்கு வயதாம். மழையில் வண்டி எதுவும் கிடைக்காமல், டிப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலி பஸ்ஸை நிறுத்தி அதில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம். இடது கை என்றார் அப்பா. வலது என்றாள் அம்மா. இருவரும் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தடவிப் பார்த்தார்கள். “டிரைவர் என்ன கேட்டான் தெரியுமா? டிக்கெட் எடுத்தாச்சான்னு கேட்டான்” என்றார் அப்பா. அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு எழுந்து போனாள். அப்பா அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை அவர் கையிலேயே இருந்தது.

அதனால் இப்போது கணக்கிலும் தவறவிட ஆரம்பித்துவிட்டேன். வகுப்புத் தேர்வில் மட்டும்தான். கோபப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தால் அவர்களே மறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன், பிரிய வேண்டும் என்று பேசி வைத்ததை.

ஒன்று கேட்க வேண்டும். மாடி அறைக் கட்டில் எனக்கு எப்படி நீளம் போதாமல் போகும்? வகுப்பில் நான்தான் முதல் வரிசை. உயரத்தில் மாட்டிய அந்தக் கண்ணாடியில் என் நெற்றிகூடத் தெரியாது. ஆசாரியிடம் யாருடைய உயரத்தைச் சொன்னீர்கள், அத்தை?

உங்கள்
நண்டு


ஜனவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு வரியாவது எழுதுங்கள். உடம்பு சரியில்லையா? ஒவ்வொரு நாளும் அந்தக் கடை வாசலில் நிற்கிறேன். ஜெராக்ஸ் அக்கா இப்போது கிண்டல் செய்வதில்லை. நான் கேட்பதற்கு முன்பே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வகுப்பாசிரியை இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புத்தியில் குறை ஒன்றுமில்லை, வீட்டில் ஏதோ இவளைப் படுத்துகிறது என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. வெளியே வந்தபோது இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம், மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு.

அன்று இரவு அப்பா மொட்டை மாடிக்குப் போய் நெடுநேரம் யாரோடோ போனில் பேசினார். உங்களோடுதானா? என்ன பேசினார்? அடுத்த நாளிலிருந்து கூட்டம் இல்லை. அம்மா மாலை வேலைக்குத் திரும்பிவிட்டாள். “உனக்கு இஷ்டப்பட்டதைப் படிம்மா” என்று அப்பா என்னிடம் மெதுவாகச் சொல்கிறார், காய்ச்சல்காரியிடம் பேசுவது போல. நேற்று அவர் தன் சட்டைகளைத் தானே இஸ்திரி போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அத்தனை சட்டை எதற்கு?

கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

நண்டு


ஜனவரி 20

நண்டுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அப்பன் இங்கே வந்துவிட்டான். உனக்குத் தெரியும், நீ பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய். இந்த ஊர் டிப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறான். அடுத்த வருடம் வர வேண்டியவன் இப்போதே வந்துவிட்டான்.

அன்று மாடியிலிருந்து பேசியது என்னோடுதான். குழந்தை ஏன் இப்படி ஆகிறாள், உனக்கு ஏதாவது தெரியுமா அக்கா என்று கேட்டான். நீ செய்வதை நான் சொல்லவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. வீட்டில் இருக்கிற இறுக்கம் அவளுக்குத் தெரிகிறது, அதில் மூச்சு முட்டுகிறாள் என்று மட்டும் சொன்னேன். பாதியைச் சொன்னேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டார்கள். சேர்ந்திருப்பதுதான் உன்னைக் கெடுக்கிறது, உனக்காக இப்போதே விலகிவிடலாம் என்று.

மாடி அறை அவனுக்குத்தான். உன் முதல் கடிதம் வரும் முன்பே சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தேன்.

இனி கடிதத்தை என் கடைக்கு அனுப்பு. வீட்டில் தபாலை அவன்தான் எடுக்கிறான்.

அத்தை


பிப்ரவரி 8

அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். உங்கள் வீட்டில்தான் ஆள் சேர்ந்திருக்கிறதே.

மன்னியுங்கள். அந்த வரியை அடிக்க நினைத்தேன், வேறு தாள் இல்லை.

அப்பா போன விதத்தை உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வேலைக்குப் போவது போலத்தான் போனார். பெட்டி மட்டும் கூட இருந்தது. அம்மா அவருடைய கோப்புகளுக்கெல்லாம் லேபிள் ஒட்டிக் கொடுத்திருந்தாள். மாத்திரை டப்பாவில்கூடக் காலை, மாலை என்று ஒட்டியிருந்தாள். “பார்த்துப் போங்க” என்றாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டே, “நண்டுவோட கணக்கு டியூஷன் சனிக்கிழமைக்கு மாறியிருக்கு, மறந்துடாத” என்றார். கடைசியாக அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். என் டியூஷன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸில் திரும்புகிறார். கூட்டம் மறுபடி நடக்கிறது. அதே மேஜை, அதே தாள். ஆனால் அவர் வந்தால் அம்மா அவருக்கு டம்ளரில் தண்ணீர் வைக்கிறாள், அதுவும் தட்டில் வைத்து. நம் வீட்டு மனுஷருக்கு யாராவது தட்டில் தண்ணீர் வைப்பார்களா, அத்தை?

இத்தனையும் நான் செய்தது. சரியாகப் படித்திருந்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருப்பார். ஒவ்வொரு நாளும் அவருடைய குடை கதவுக்குப் பின்னால் சொட்டிக்கொண்டு இருந்திருக்கும். பிடித்து வைக்கிறேன் என்று நானே தள்ளிவிட்டேன்.

இப்போது யோசிப்பது இன்னும் மோசமானது. யாரிடமும் சொல்ல முடியாது, உங்களிடம்தான். எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். எனக்குக் கல்லூரி கிடைத்துவிட்டால் அதுவும் போய்விடும். ஆண்டுத் தேர்வில் கணக்குத் தாளை வெறுமனே கொடுத்துவிட்டால்? பதினொன்றாம் வகுப்பை மறுபடி படித்தால்? அப்பா மறுபடி ஒரு தாள் விரிக்க வேண்டும். மறுபடி முதல் கட்டத்திலிருந்து கோடு போட வேண்டும்.

வேண்டாம் என்று எழுதாதீர்கள். அது எனக்கே தெரியும். இதனால் பயன் உண்டா, அதை மட்டும் சொல்லுங்கள்.

நண்டு


மார்ச் 1

என் நண்டுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

நேற்று உன் அப்பன் மேஜையில் உட்கார்ந்து உன் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கடைசி நிறுத்தத்தில் கொஞ்சம் நிற்கும் நேரம் வைப்பார்களாம். வழியில் எவ்வளவு தாமதம் ஆனாலும் அந்த நேரத்தில் சரியாகிவிடும், அடுத்த நடை கெடாது என்றான். “அது இல்லாம எந்தப் பஸ்ஸுக்கும் நான் அட்டவணை போட்டதில்ல அக்கா. இவளுக்கு மட்டும் ஒரு கட்டம்கூட வைக்காம விட்டுட்டேன்” என்றான். ரப்பரை வைத்து அழித்து அழித்து அந்தத் தாள் பஞ்சு போல ஆகிவிட்டது. உன் மேல் பிரியம் இல்லாதவன் செய்கிற வேலையா அது?

ஆனால் நீ கேட்டது அதையல்ல. பயன் உண்டா என்று கேட்டாய்.

இல்லை.

நீ முதல் மதிப்பெண் வாங்கினாலும், தாளை வெறுமனே கொடுத்தாலும் அவன் அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டான். உன் அம்மாவும் கூப்பிட மாட்டாள். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம்கூட இல்லை, நண்டு. கோபம் இருந்தால் நான் சமாதானம் பேசியிருப்பேன். இந்த முடிவு நீ ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே எடுத்தது. உன் மதிப்பெண்ணால் வந்ததும் இல்லை, அதனால் போகப்போவதும் இல்லை.

ஜூலையில் நீ கேட்டதற்கு இதுதான் பதில். உண்மை. அப்போதே ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும்.

அத்தை


ஏப்ரல் 5

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? முக்காலியில் இப்போதாவது உட்காருகிறீர்களா?

நேற்று கணக்குத் தேர்வு. எல்லாக் கேள்விகளும் தெரிந்தவை. கடைசிக் கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். அதை விட்டால் உயர்கணிதம் கிடைக்காது என்று தெரியும். உங்கள் கடிதத்தில் தனியாக நிற்கும் அந்த “இல்லை” நினைவில் இருந்தது. அதையும் மீறி, ஒருவேளை உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது இருக்கலாமே என்று ஓர் ஆசை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கேள்வியைப் பார்த்தேன். ஆற்றின் இந்தக் கரையில் ஒரு தூண், அந்தக் கரையில் ஒரு தூண், இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தார்கள். பாவம், இந்தக் கணக்கு யாருக்கு என்ன செய்தது என்று தோன்றியது. பேனாவைத் திறந்து அதைப் போட்டு முடித்தேன். விடை சரியாக வந்தது.

வெளியே வந்தால் வாசலில் ஒரே கூட்டம். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் அப்பா. இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை ஓரமாக அம்மா, வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. நான் வாசல் நடுவில் நின்றதும் இருவரும் வந்தார்கள். அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் கையிலும் எனக்காகத் தண்ணீர் பாட்டில்.

“எப்படிம்மா எழுதின?” என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும், அத்தை. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே வினாத்தாளை வாங்கி விரித்திருப்பார்கள். ஜெராக்ஸ் கடைப் படி காலியாகத்தான் இருந்தது. மூன்று பேரும் நெருக்கி உட்கார இடம் இருந்தது. இரண்டு தலையும் அந்தத் தாள் மேல் குனிந்திருக்கும். அந்தப் படியை நான் பார்த்தேன்.

“எல்லாத்தையும் எழுதிட்டேன். நல்லா எழுதியிருக்கேன்” என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். அப்படி ஒரு நிம்மதி, இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். “சரி, எனக்கு வேலைக்குத் திரும்ப நேரமாச்சு.” அப்பா, “எனக்கும் பஸ் வந்துடும்” என்றார். இருவரும் என் கன்னத்தைத் தொட்டார்கள். பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். அவள் இடது பக்கம் போனாள். அவர் வலது பக்கம் போனார். கொஞ்ச தூரம் போய் அப்பா திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார்.

“என்ன நண்டு, ரெண்டு கையிலயும் தண்ணி வச்சுக்கிட்டு நாக்கு வறண்டு நிக்கிற?” என்று ஜெராக்ஸ் அக்கா கடைக்குள்ளிருந்து கேட்டார். தாகமாகத்தான் இருந்தது. எதை முதலில் திறப்பது என்று தெரியவில்லை. இரண்டையும் அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது இரண்டும் என் காலடியில் இருக்கின்றன, மூடி திறக்காமல்.

அப்பாவுக்குக் கால் இன்னும் சுவரில் இடிக்கிறதா? கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். இடம் போதும். அந்த ஜன்னலுக்குத் திரையும் வாங்குங்கள், அவர் வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்வார்.

உங்கள்
நண்டு